மாஜிதா செய்த முகங்கள்

ஒரு முகத்தில் எது மச்சம், எது அம்மைத் தழும்பு, எது பிலிமில் விழுந்த தூசி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள் மாஜிதா. வத்திராயிருப்பில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் ஜெய்னுலாப்தீன் அங்கே ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எண்பத்தொன்றில் கல்யாணம். அடுத்த வருஷத்துக்குள் நெகட்டிவ் திருத்துகிற வேலை முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. சாய்வான ஒரு கண்ணாடிப் பலகை, அதற்கு அடியில் ஒரு பல்பு, ஊசி மாதிரி சீவிய பென்சில். முகப்பருவும் தழும்பும் நெகட்டிவில் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகளைப் பென்சிலால் மூடிவிட்டால் பிரிண்டில் முகம் துடைத்துவிட்ட மாதிரி வரும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படமென்றால் ஜெய்னுலாப்தீன் ஸ்டுடியோவில் எடுக்கவேண்டும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சில் பாதி இவளுக்குச் சேரவேண்டியது. கடைக்குள் யாரும் இவளைப் பார்த்ததில்லை.

கலர் வந்ததும் பென்சிலுக்கு வேலையில்லாமல் போயிற்று. ரோலைக் கழுவ மதுரைக்கு அனுப்பினார்கள். பிறகு ராஜபாளையத்திலேயே ராஜரத்தினம் என்பவர் கலர் லேப் திறந்தார். எப்படி வருகிறதோ அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மாஜிதா நாலைந்து வருஷம் சும்மா இருந்தாள். தொண்ணூற்றிரண்டில் ஜெய்னுலாப்தீனுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஏழு மாசம் மதுரைக்கும் ஊருக்கும் அலைந்தார்கள். கேமரா போயிற்று, ஸ்டுடியோ போயிற்று, கடைசியில் அவரும் போனார். மகள் நூர்னிசாவுக்கு அப்போது ஆறு வயது.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா நாட்கள் முடிந்த மறுவாரமே ராஜரத்தினம் ஆள் அனுப்பினார். பழைய தொழில் பழக்கத்தை மறக்காத மனிதர். லேப்பில் பிரிண்டுகளை வெட்டி, எண் பார்த்து உறையில் போடுகிற வேலை. தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, சாயங்காலம் திரும்புவாள். ஒரு மாசத்துக்குள் அவள் கண்ணின் அருமை அவருக்குத் தெரிந்துவிட்டது. பிரிண்ட் இயந்திரத்திலிருந்து படம் வெளியே வரும்போதே, "சிவப்பு ஏறிருக்கு அண்ணாச்சி", "கொஞ்சம் மஞ்சள் குறைக்கணும்" என்பாள். ஓட்டிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

தொண்ணூற்றேழு தொடக்கத்தில் லேப்புக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஸ்கேனரும் கலர் பிரிண்டரும். மதுரையில் பத்து நாள் பயிற்சி என்றார்கள். லேப்பில் இருந்த ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு சாக்குச் சொன்னார்கள். மாஜிதா நூர்னிசாவைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போயிற்று. ஒரு படத்தை அது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தகடாகப் பிரித்துக் காட்டும். பெட்டியில் கிடந்து சிவந்துபோன பழைய கலர் படங்களை எடுத்து வருவார்கள். எந்தத் தகடு தேய்ந்திருக்கிறதோ அதை மட்டும் தூக்கிவிடுவாள். வாழை இலை மறுபடி பச்சையாகும். எங்கே சுட்டியை வைத்தாலும் அந்த இடத்தின் நிறத்தை மூன்று எண்ணாகச் சொல்லும் ஒரு சின்னக் கட்டம் திரையின் ஓரத்தில் இருந்தது. இத்தனை வருஷம் கண்ணால் கணக்குப் போட்டதை அந்தக் கட்டம் ஒப்புக்கொண்டபோது அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்த வருஷம் ஆடி மாசத்தில் சுயம்புலிங்கம் வந்தார். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மேனேஜர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கோடாகத் திருநீறு, குரலை உயர்த்தாத பேச்சு. ஆலைகளில் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று அப்போது சோதனை கூடியிருந்தது. எல்லாத் தொழிலாளிக்கும் வயது போட்டு, படம் ஒட்டி அடையாள அட்டை கொடுக்கவேண்டும் என்று ஆலையில் முடிவு செய்திருந்தார்கள். அவர் ஒரு பிலிம் ரோலைக் கொடுத்துவிட்டு, ராஜரத்தினத்தோடு செத்த நேரம் தணிந்த குரலில் பேசினார்.

ரோலைக் கழுவிப் பார்த்தபோது பதினோரு பெண்பிள்ளைகள். வெள்ளையடித்த சுவர் ஓரமாக ஒவ்வொருத்தியாய் நிற்கவைத்து, வெயிலில் எடுத்தது. சிலருக்கு முன்பல் இரண்டும் அப்போதுதான் முளைத்து, முகத்துக்குப் பொருந்தாமல் பெரிசாக இருந்தன.

"அண்ணாச்சி, இது பச்சப்பிள்ளைகள்லா" என்றாள் மாஜிதா.

ராஜரத்தினம் ஒரு உறையை எடுத்து எண் பார்த்தார். சுயம்புலிங்கம்தான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"வயசெல்லாம் பதினஞ்சு, பதினாறு இருக்கும்மா. சோத்துக்கு வழியில்லாம வளர்த்தி இல்லாமப் போச்சு. பாக்கதுக்குச் சின்னதாத் தெரியுது, அம்புட்டுத்தான். வயசுக்குத் தக்கன மூஞ்சி தெரிஞ்சாப் போதும்."

முதலில் தாவணி கட்டிவிட்டு வேறொரு இடத்தில் படம் எடுத்துப் பார்த்தார்களாம். சோதனைக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியா என்று சிரித்தாராம். அதனால்தான் கம்ப்யூட்டர் இருக்கிற இடம் தேடி வந்ததாகச் சொன்னார். பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தாவணி ஏன் மாறுவேடமாகத் தெரியவேண்டும் என்று மாஜிதா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ராஜரத்தினம் போகிற போக்கில், "வேலையப் பாரு தாயி" என்றார்.

பார்த்தாள். அதுதான் பின்னாளில் அவளை அரித்தது: அந்த வேலையை அவள் முகம் சுளித்துக்கொண்டு செய்யவில்லை. குழந்தை முகம் ஏன் குழந்தை முகமாகத் தெரிகிறது என்று யோசித்தாள். கண் பெரிசு, நெற்றி அகலம், தாடை சின்னது. கண்களைத் துளி சிறுத்தாள். நெற்றியை முடியால் குறைத்தாள். தாடையை இழுத்து, கன்னத்து ஓரங்களில் நிழலைக் கூட்டினாள். பல் தெரிந்த வாயை மூடினாள். முதல் முகம் முடிய ஒரு நாள் முழுக்க ஆயிற்று. முகம் சரியாக வந்தது, கழுத்துக்குக் கீழேதான் வரவில்லை. அந்தக் குச்சித் தோளின்மேல் பதினாறு வயது முகம் நிற்கமாட்டேன் என்றது.

தோளுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வீட்டுப் பெட்டியில் ஜெய்னுலாப்தீன் பத்திரமாக வைத்திருந்த ஒரு நெகட்டிவ் ஞாபகம் வந்தது. எழுபத்தொன்பதில், மாஜிதாவுக்குப் பதினேழு வயதில், தாவணி கட்டி எடுத்த மார்பளவுப் படம். பெண் பார்க்க அனுப்புவதற்காக எடுத்தது. எடுத்தவரே கட்டிக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இன்னும் வசதி. நிறமே இல்லாத உடம்பு. எந்த நிறத்தை ஏற்றினாலும் வாங்கிக்கொள்ளும். தன் முகத்தை வெட்டி எடுத்துவிட்டு, கழுத்தின்மேல் அந்தப் பிள்ளையின் முகத்தை வைத்தாள். முகத்தில் சுட்டியை வைத்து மூன்று எண்ணையும் படித்து, அதே எண்ணைக் கழுத்துக்கும் தோளுக்கும் கொடுத்தாள். வெயிலில் எடுத்த முகம் என்பதால் மஞ்சள் தட்டியிருந்தது, அதைக் குறைத்தாள். கூடவே நிறத்தையும் ஒரு படி வெளுக்கவிட்டாள். அது ஸ்டுடியோ காலத்துப் பழக்கம், யாரும் கேட்கவில்லை. தாவணிக்குப் பச்சை கொடுத்தாள்.

அதன்பிறகு வேலை சுலபமாகிவிட்டது. ஒரே தோள், ஒரே மடிப்பு. நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனாள். ஒருத்திக்கு அரக்கு, ஒருத்திக்கு மயில்கழுத்து நீலம், ஒருத்திக்குக் கடுகு மஞ்சள். திரையில் ஒரு முள்ளை இடமும் வலமும் நகர்த்தினால் துணி நிறம் மாறும். பதினோரு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட ஒன்றுபோல் ஒன்று தெரியாது. சுயம்புலிங்கம் வந்து பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரியல்லவா இருக்கிறது என்றார். அன்றைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள்.

கிளம்புவதற்கு முன் சுயம்புலிங்கம் ரோலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் இருந்த படங்களையும் ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார். அவள் அழித்தாள்.

மறுவருஷம் புரட்டாசி. தீபாவளிக்கு ஆலைகள் மூச்சு விடாமல் ஓடுகிற நேரம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பட்டாசு மருந்தைக் கலந்து அலசுகிற அறையில் தீப்பிடித்து, பக்கத்து மூன்று அறைகளும் தரைமட்டமாயின. ஒன்பது பேர். செய்தியை பஸ்ஸில் யாரோ சொல்லிக்கொண்டு வந்தார்கள். எந்த ஆலை என்று மாஜிதா கேட்டாள். பெயரைச் சொன்னார்கள்.

நாலாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. ஆலைத் தரப்பிலேயே அடித்தது. அடையாள அட்டைப் படங்களை எடுத்துப் போட்டிருந்தார்கள். செலவு பார்த்து ஒற்றை நிறத்தில், நீல மையில் அடித்திருந்தார்கள். ஒன்பது படத்தில் நாலு பெண்பிள்ளைகள். பச்சையும் அரக்கும் மஞ்சளும் போய்விட்டதால் நாலு பேரும் ஒரே தாவணியில் இருந்தார்கள். தோளில் ஒரே மடிப்பு. மடிப்பில் ஊக்கு குத்திய இடம் ஒன்று. இடது பக்கம் சற்றே தாழ்ந்த தோள் ஒன்று. பதினேழு வயதில் படத்துக்கு நின்றபோது, தோளைச் சரியாக வை என்று ஜெய்னுலாப்தீன் சொல்லச் சொல்லக் கேட்காத அவளுடைய தோள்.

ஜனங்கள் போஸ்டரைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். யாரும் நின்று தோளைப் பார்க்கவில்லை. மாஜிதா முக்காட்டை இழுத்து வாயில் அழுத்திக்கொண்டு, இரண்டு பஸ்ஸைப் போகவிட்டு, மூன்றாவது பஸ்ஸில் ஏறினாள். லேப்புக்கு வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ராஜரத்தினமும் கேட்கவில்லை. அவரும் போஸ்டரைப் பார்த்திருந்தார் என்பது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசியதிலேயே தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் எல்லாம் கழிந்த பிறகு, ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு லேப் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சுந்தரபாண்டியத்திலிருந்து வருவதாகவும், பெயர் ஞானபாக்கியம் என்றும் சொன்னாள். கையில் ஒரு அடையாள அட்டை. செத்துப்போன மகளின் காகிதங்களோடு ஆலையில் கொடுத்தது. பிளாஸ்டிக்கைப் பிரித்துப் படத்தை உரித்திருந்தாள். படத்தின் பின்பக்கத்தில் லேப்பின் ரப்பர் முத்திரை இருந்தது. அதை யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு வந்திருந்தாள்.

ராஜரத்தினம் மதுரைக்குப் போயிருந்த நாள் அது. மாஜிதா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஞானபாக்கியம் படத்தை மேஜைமேல் வைத்தாள்.

"எக்கா, இது யாரு?" என்றாள். "மூஞ்சி எம்பிள்ளை தங்கபாய் மூஞ்சி மாதிரிதான் இருக்கு. ஆனா அவ தாவணியே கட்டுனதில்லக்கா. வயசு பதினொண்ணு."

மாஜிதா படத்தைத் திருப்பி முத்திரையைப் பார்த்தாள். "நாந்தாம்மா செஞ்சேன்" என்றாள்.

அந்தப் பெண் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ இதை எப்படிச் செய்வார்கள் என்று மட்டும் கேட்டாள். மாஜிதா எல்லாவற்றையும் சொன்னாள், தோள் யாருடையது என்பது உட்பட. ஞானபாக்கியம் அவள் தோளைப் பார்த்தாள். பிறகு, தான் வந்த காரியத்தைச் சொன்னாள். தங்கபாய்க்கு வேறு படமே கிடையாது. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியாயிற்று. அங்கேயும் படம் எடுக்கவில்லை. உடம்பையும் கட்டிப் பொட்டலமாகத்தான் கொடுத்தார்கள், முகம் பார்க்க முடியவில்லை.

"நீங்க மாத்துனதை நீங்களே திருப்பி மாத்தித் தாங்கக்கா. எம்பிள்ளையா ஆக்கித் தாங்க."

மாஜிதா ஸ்கேனரை ஓடவிட்டாள். திரையில் பெரிதாக வந்தபோது முகம் முழுக்க மைப்புள்ளிகளாக இருந்தது. அதை மழுக்கி எடுத்தாள். தான் செய்ததை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பின்னோக்கி நடந்தாள். தாடையை ஏற்றினாள், கன்னத்து நிழலை அழித்தாள், கண்ணைப் பெரிதாக்கினாள். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு தடவை தூக்கிப் போட்டது போட்டதுதான். மூடிய வாய்க்குள் இருந்த பல் இப்போது எங்கேயும் இல்லை. நெற்றியில் அவள் முடியால் மறைத்த இடத்தில் என்ன இருந்தது என்று அவளுக்கே தெரியாது. அங்கே ஒரு தழும்பு உண்டு, ஆட்டுக்குட்டி முட்டினது என்றாள் ஞானபாக்கியம். எந்தப் பக்கம் என்று கேட்டு, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மாஜிதா ஒரு தழும்பை வரைந்தாள். இப்படியே மணி இரண்டாயிற்று. இருவரும் சாப்பிடவில்லை.

நிறம்தான் கடைசிவரை வரவில்லை. "இம்புட்டு வெளுப்பில்லக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாஜிதா குறைத்தாள். "இப்ப சாம்பப் பூத்த மாதிரி இருக்கு" என்றாள். ஏற்றினாள். "இது வேற கறுப்பு." கடைசியில் ஞானபாக்கியம் எழுந்து, ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டு, வெயில் படாத மேல்கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"அவ என்னை மாதிரிதான். இதைப் பாத்து வைங்க."

மாஜிதா அந்தக் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, சிவப்பைத் தூக்கி, நீலத்தை இறக்கி, ஒவ்வொரு எண்ணாக நகர்த்தினாள். நீட்டிய கை அசையாமல் அப்படியே இருந்தது. இரண்டும் ஒன்றாய்த் தெரிந்தபோது ஞானபாக்கியம் கையை எடுத்தாள். ரோஸ் கலரில் ஒரு சட்டை போடச் சொன்னாள். நூர்னிசாவின் பழைய படம் ஒன்றிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டாள் மாஜிதா. அச்சடித்துக் கையில் கொடுத்தாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாடை இருக்கு" என்றாள் ஞானபாக்கியம். படத்தை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுக்க மாஜிதாவுக்கு வேலை ஓடவில்லை. எந்த முகத்தைத் திறந்தாலும் அதன் தோளைப் பார்த்தாள். தீவிபத்தை விசாரிக்க வெளி மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருப்பதாகவும், தெரிந்ததைச் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றும் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். அவள் தன் நெகட்டிவையும், அதிலிருந்து போட்ட ஒரு பிரிண்டையும், சுவரிலிருந்து கிழிக்காமல் உரித்து எடுத்த ஒரு போஸ்டரையும் பையில் வைத்துக்கொண்டு போனாள். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அதிகாரி நல்ல மனிதர்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போஸ்டரில் நாலு தோளையும் பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எழுத்தரிடம் ஒரு வரி விடாமல் எழுதச் சொன்னார். இப்படிச் செய்தது குற்றம் என்று தெரியுமா என்று அவளிடம் கேட்டார். தெரியும் என்றாள்.

பிறகு சுயம்புலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். போன வருஷம் ஆலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரித் தாவணித் துணி எடுத்துக் கொடுத்தோம், கலர்தான் வேறே வேறே, ஒரே ஆள் கட்டிவிட்டதால் மடிப்பும் ஒரே மாதிரி இருக்கும் என்றார். லேப்பில் படத்தைத் துலக்கத்தான் கொடுத்தது, வேறொன்றும் இல்லை என்றார். வயதுக்குப் பெற்றவர்களே கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது என்று எடுத்து வைத்தார்.

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "பெத்தவங்க யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஞானபாக்கியமும் இருந்தாள். அவளைப் பார்த்ததும் மாஜிதாவுக்கு உயிர் வந்தது.

"உங்க மகளுக்கு என்ன வயசும்மா?"

"பதினாறு சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பயப்படாமல் சொல்லலாம் என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் பதினாறு என்றாள். தாவணி கட்டுவாளா என்று கேட்டார். கட்டுவாள் என்றாள்.

"என்ன கலர்?"

அவள் தலையைத் தூக்கி ஒரு தடவை மாஜிதாவைப் பார்த்தாள்.

"பச்சை சார்" என்றாள் ஞானபாக்கியம்.

முள்ளை நகர்த்தி நகர்த்தி மாஜிதா அந்தப் பிள்ளைக்குத் தேர்ந்தெடுத்த நிறம் அது. அவளுக்கு எழுந்து வெளியே போகவேண்டும் போல் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் ஞானபாக்கியம் அவளைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றாள். முகத்தைப் பார்க்காமலே பேசினாள். பதினோரு வயதென்று சொன்னால், சின்னப்பிள்ளையை வேலைக்கு அனுப்பியதற்காக அவள் புருஷனை உள்ளே வைத்துவிடுவார்களாம். பொய்க் காகிதத்தில் கைநாட்டு வைத்தது அவன்தான். ஆலையில் தருவதாகச் சொன்ன பணமும் வராது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"உங்களைப் பொய்யாக்கிட்டேன்" என்றாள்.

மாஜிதாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தான் செய்ததைத்தான் அவளும் செய்தாள் என்று தோன்றியது. போய்வா என்று மட்டும் சொன்னாள்.

நெகட்டிவைச் சாட்சியோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவேயில்லை. நாலு மாசம் கழித்து விசாரணை அறிக்கையின் சாரம் செய்தித்தாளில் ஓர் ஓரத்தில் வந்தது. வெயிலும் கவனக்குறைவும் காரணம் என்றது. இறந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் வயது போட்டிருந்தார்கள். தங்கபாய்க்குப் பதினாறு.

லேப் வேலை அதற்கு முன்பே போய்விட்டது. ராஜரத்தினம் சத்தம் போடவில்லை. நாலு ஆலைக்காரர்களை நம்பித்தான் லேப் ஓடுகிறது, தனக்கும் வேறு வழி தெரியவில்லை என்றார். கண் கலங்கினார்கூட. கம்ப்யூட்டருக்குத் துணி போட்டு மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ராஜபாளையத்தில் இன்னும் இரண்டு இடத்தில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒருவர் அவளைத் தேடி வந்து கூப்பிடவும் செய்தார். முடியாது என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தாள். பத்திரம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட். வைத்தது வைத்தபடி மறுபக்கம் வரும். அதற்குமேல் செய்ய அந்த இயந்திரத்தால் ஆகாது. பள்ளிக்கூடத்துக்குப் படம் வேண்டும் என்று நூர்னிசா கேட்டபோது பணம் கொடுத்து அவளையே போய் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

தொண்ணூற்றொன்பது கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம், கடைக்கு எதிரில் வத்திராயிருப்பு பஸ் நிற்கிற இடத்தில் ஞானபாக்கியம் நின்றிருந்தாள். மாஜிதாவைப் பார்த்துவிட்டு அவளாகவே ரோட்டைத் தாண்டி வந்தாள். மெலிந்திருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. கேட்கக்கூடாது என்று நினைத்தும், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று மாஜிதா கேட்டாள். மூத்தவள் மில்லுக்குப் போகிறாள், சின்னவன் பள்ளிக்கூடம் போகிறான் என்றாள். பிறகு தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மாஜிதா அச்சடித்துக் கொடுத்த படம். சுவரில் மாட்டியிருந்ததால் ஓரம் புகை பிடித்திருந்தது.

"இதை உங்ககிட்ட குடுக்கணும்னே ரெண்டு தடவை வந்தேன்க்கா. நீங்க இல்ல."

"ஏம்மா?"

"சின்னப்பயலுக்கு இதுதான் அக்கான்னு ஆயிப்போச்சு. அவனுக்கு அவளை ஞாபகமில்ல. அது போகட்டும்." படத்தின் புகை பிடித்த ஓரத்தைத் துடைத்தாள். "எனக்கும் அப்படி ஆகுதுக்கா. கண்ணை மூடுனா இதுதான் வருது. அவ வரமாட்டேங்கா. சிரிச்சா பல்லு எப்படித் தெரியும்னு நினைச்சுப் பாக்கேன், பிடிபடல. இது செவத்துல இருக்கமுட்டும் அவ வரமாட்டா."

கிழித்துப் போட மனசு வரவில்லை என்றாள். தீயில் போட முடியுமா என்று கேட்டாள். மாஜிதா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்த முன்பல் இரண்டும் பெரிசாக இருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வாயை மூடியது அவள்தானே. அதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தாள். எந்தப் பிள்ளையின் பல் அது, பதினோரு பேரில் தங்கபாயுடையதுதானா என்று அந்த நேரத்தில் அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு பொய்யை அந்தப் பெண் தலையில் ஏற்றிவிடுவோமோ என்று பயந்து பேசாமல் இருந்தாள்.

பஸ் வந்து ஆரன் அடித்தது. ஞானபாக்கியம், வாரேன்க்கா என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். கூட்டத்தில் நின்றுகொண்டே போனாள். கடைக்கு ஒருவர் பட்டா நகலெடுக்க வந்து நின்றார். எத்தனை காப்பி வேண்டும் என்று கேட்டபடி மாஜிதா எழுந்தாள்.